நாலு ரோட்டில் ஒரு கணவாய்

சேலத்திலிருந்து தருமபுரிக்குப் பேருந்தில் போகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். ஓமலூர் தாண்டிச் சமதரையில் ஓடும்போது, முன்னால் போகும் லாரியின் பின்பக்கம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி புகை எதுவும் வராது. தொப்பூர் மலை தொடங்கியதும் அதே லாரி கறுப்பாகக் கக்க ஆரம்பிக்கும். பேருந்துக்குள் ஜன்னல்கள் படபடவென்று இறங்கும். முந்தானைகள் மூக்குக்குப் போகும். ஏற்றம் முடிந்தால் புகையும் அடங்கிவிடும்.

ஆனால் இன்னும் கொஞ்ச தூரத்தில் பாளையம் சுங்கச்சாவடி. அங்கே மலை இல்லை, தரை தட்டையாகத்தான் இருக்கிறது. அப்படியும் சாவடியில் நின்று கிளம்பும் லாரி மறுபடி ஒரு கறுப்பு மூச்சு விடுகிறது. தருமபுரி நாலு ரோட்டில் சிக்னல் பச்சையானதும் டவுன் பஸ் விடுவதும் அதே மூச்சுதான்.

மலை ஏறும்போது ஏன் புகைகிறது? மலையே இல்லாத இடத்தில் ஏன் அதே மாதிரி புகைகிறது? இந்த இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான். அது பிடிபட்டால், ஒரு நகரம் தன் காற்றைச் சுத்தம் செய்ய எங்கே கை வைக்க வேண்டும் என்பதும் பிடிபடும்.

அடுப்பும் ஊதுகுழலும்

தொப்பூர்க் கணவாய்க்கு மேலே ஒரு டீக்கடையில் லாரி ஓட்டுநர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். "ஏத்தத்துல வண்டி தம் கட்டுதுங்க. மூச்சு பத்தாம கரியா விடுது" என்றார். பாடப்புத்தகம் இதைவிடச் சரியாகச் சொல்லிவிடாது.

விறகடுப்பு எரித்தவர்களுக்கு இது தெரியும். நன்றாக எரிகிற அடுப்பில் திடீரென்று நாலு விறகைச் சேர்த்துத் திணித்தால் புகை கிளம்பும். விறகு கூடிவிட்டது, காற்று கூடவில்லை. ஊதுகுழலை எடுத்து ஊதினால் தீ பிடித்துக்கொள்ளும், புகை அடங்கும். டீசல் எஞ்சினும் அப்படித்தான். ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியவுடன் உருளைக்குள் டீசல் அதிகமாகப் பீச்சப்படுகிறது. எஞ்சினுக்கும் ஓர் ஊதுகுழல் உண்டு; அதன் பெயர் டர்போ. வெளியேறும் புகையின் வேகத்தில்தான் அது சுழல வேண்டும் என்பதால், வேகம் பிடிக்கச் சில நொடிகள் ஆகும். அந்த இடைவெளியில் டீசல் உண்டு, அதற்குத் தேவையான காற்று இல்லை. எரியாமல் மிஞ்சும் கார்பன்தான் கரித்துகளாக வெளியே வருகிறது. ஊதுகுழல் வேகம் பிடித்த பிறகும், எஞ்சினின் திறனுக்கு மேலே சுமை இருந்தால் கரி நிற்காது.

ஆக, கறுப்புப் புகை என்பது எஞ்சின் கஷ்டப்படுவதன் அடையாளம். எவ்வளவு கஷ்டம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நூறு மீட்டருக்கு இரண்டு லிட்டர்

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தருமபுரி சுமார் 470 மீட்டர். சேலத்திலிருந்து தருமபுரிக்குப் போகிற ஒவ்வொரு வண்டியும் 190 மீட்டர் உயர்ந்தாக வேண்டும். அந்த உயர்வின் கடினமான பகுதி தொப்பூர்க் கணவாயில் இருக்கிறது.

பாரம் ஏற்றிய பத்துச் சக்கர லாரி ஒன்று, எல்லாம் சேர்த்து 28 டன் என்று வைத்துக்கொள்வோம். அதை 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? வீட்டு மின்கட்டணத்தில் வரும் யூனிட்டிலேயே சொல்கிறேன்: சுமார் 7.6 யூனிட். சின்ன வீடு ஒன்றுக்கு இரண்டு மூன்று நாள் ஓடும்.

ஒரு லிட்டர் டீசலுக்குள் ஏறத்தாழ 10 யூனிட் வெப்பம் இருக்கிறது. அதில் சக்கரத்துக்கு வந்து சேருவது நான்குக்கும் சற்றுக் குறைவு. மீதி ரேடியேட்டர் வழியாகவும் சைலன்ஸர் வழியாகவும் போய்விடும். எனவே 100 மீட்டர் ஏற 2 லிட்டர் டீசல். சேலத்திலிருந்து தருமபுரிக்கு ஏறும் 190 மீட்டருக்கு ஏறத்தாழ 4 லிட்டர். உயரத்துக்கு மட்டும் ஆகும் செலவு இது. சாலையில் உருண்டு ஓடும் செலவு தனி.

இந்தக் கணக்கில் இரண்டே விஷயங்கள்தான் இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள்: எடை, உயரம். எடை பாதியானால் டீசல் பாதி. உயரம் பாதியானாலும் பாதி. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொள்வோம், ஊருக்குள் போகும்போது வேண்டும்.

இறக்கம்

ஏறியதற்கு டீசல் கொடுத்தாயிற்று. இறங்கும்போது அந்த 7.6 யூனிட் எங்கே போகிறது?

டயர் உருள்வதிலும் காற்றைக் கிழிப்பதிலும் ஒரு பகுதி கரையும். மீதியை எஞ்சினும் பிரேக்கும் தாங்க வேண்டும். 7.6 யூனிட் வெப்பம் என்பது 90 லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கல்யாண வீட்டு அண்டா ஒன்றைச் சக்கரங்களில் வைத்துக் கொதிக்க விடுவது போல. லாரி சிறிய கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுத்து, சூட்டின் பெரும்பங்கை ஏற்றுக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் மொத்தச் சூடும் பிரேக் மேல் விழுகிறது. லைனிங் அளவுக்கு மீறிச் சூடானால் பிடிப்பு போய்விடும். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் தொப்பூரில் நடந்த கோர விபத்துகள் தமிழ்நாடு முழுக்கச் செய்தியாயின. இரண்டிலும் இறக்கத்தில் வந்த லாரி முன்னால் இருந்த வாகனங்கள் மேல் மோதி, உயிர்கள் போயின.

நியூட்ரலில் இறங்குவது டீசலை மிச்சம் பிடிக்க என்பார்கள். இன்றைய மின்னணு எஞ்சின்களில் அதுவும் உண்மையில்லை. கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் பீச்சுவது முற்றிலும் நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் டீசல் எரிகிறது. உயிரைப் பணயம் வைத்து, டீசலையும் கூடுதலாகச் செலவழிக்கிறோம்.

இந்த மண்ணுக்கு இந்தக் கவலை பழையது. தருமபுரி அன்றைய தகடூர். தகடூர் அதியமானின் மகனை ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டில் உப்பு வணிகர்களின் வண்டி வருகிறது. மேடும் பள்ளமும் என்ன செய்யுமோ என்று பயந்து, வண்டிக்கு அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் பாரம் ஏற்றியவர்களுக்கு அதே ஏற்றம், அதே இறக்கம்.

பிரேக் சூடாவதோடு தேய்கிறது. லைனிங்கிலிருந்து உதிரும் தூளும், டயரிலிருந்து உதிரும் தூளும் காற்றில்தான் கலக்கின்றன. புகைக்குழாயை எவ்வளவு சுத்தம் செய்தாலும் இந்தத் தூள் குறையாது. 2024-ல் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்ட யூரோ 7 விதிகளில்தான் முதன்முறையாகப் பிரேக் தூளுக்கும் வரம்பு வந்திருக்கிறது.

தேங்காய் விழும் வேகம்

இப்போது நாலு ரோட்டுக்கு வருவோம்.

பத்து மீட்டர் உயரமுள்ள தென்னையிலிருந்து விழும் தேங்காய், தரையைத் தொடும்போது என்ன வேகத்தில் இருக்கும்? மணிக்கு 50 கிலோமீட்டர். இதைத் திருப்பியும் சொல்லலாம். 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் எந்தப் பொருளும் பத்து மீட்டர் உயரத்தைத் தன்னுள் வைத்திருக்கிறது. சரிவில் உருட்டிவிட்ட பந்து, எதிர்ச் சரிவில் ஏறத்தாழ அதே உயரத்துக்கு ஏற முயலும் என்று கலிலியோ நானூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டார். உயரத்தை வேகமாக மாற்றலாம், வேகத்தை உயரமாக மாற்றலாம். இயற்கைக்கு இரண்டும் ஒரே பணத்தின் இரண்டு நோட்டுகள்.

அப்படியானால் சிக்னலில் நிற்கும் ஒவ்வொரு வண்டியும் தென்னை உச்சியிலிருந்து இறங்கி நிற்கிறது. இறங்கிய ஆற்றல் பிரேக்கில் சூடாகவும் தூளாகவும் போயிற்று. பச்சை விழுந்ததும் மறுபடி தென்னை ஏற வேண்டும். எஞ்சின் தம் கட்டுகிறது, கரி கக்குகிறது. தட்டையான சாலையில் நாம் பார்த்த புகையின் ரகசியம் இதுதான். சிக்னல் ஒவ்வொன்றும் ஒரு குட்டித் தொப்பூர்.

நகரத்துக்குள் 50 கிலோமீட்டரை எட்டுவது அபூர்வம் என்று நீங்கள் சொல்லலாம். சரி, 40 என்று வைத்துக்கொள்வோம். 40-க்கு உயரம் சுமார் 6.3 மீட்டர். டவுன் பஸ் ஒன்று பயணிகளோடு 14 டன் இருக்கும். ஒருமுறை நின்று கிளம்பி 40-ஐப் பிடிக்க அதற்கு ஏறத்தாழ 60 மில்லி டீசல், ஒரு டீ கிளாஸில் பாதிக்கு மேல். முப்பது தடவை நின்று கிளம்பினால் 6.3 மீட்டர் முப்பது தடவை. கூட்டிப் பாருங்கள்: 189 மீட்டர்.

சேலத்துக்கும் தருமபுரிக்கும் உள்ள உயர வித்தியாசம் 190 மீட்டர் என்று முன்பு பார்த்தோம். ஊரைவிட்டு வெளியே போகாமலேயே, முப்பது நிறுத்தத்தில் நின்ற ஒரு டவுன் பஸ் தொப்பூர் உட்பட மொத்த ஏற்றத்தையும் ஏறி முடித்துவிட்டது. இந்தக் கணக்கை முதலில் போட்டபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. இரண்டு தடவை சரிபார்த்தேன்.

இதில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது. வேகம் பாதியானால் உயரம் கால்பங்காகிவிடும். 25 கிலோமீட்டரில் ஓடும் வண்டி வைத்திருப்பது இரண்டரை மீட்டர்தான், தென்னை போய்த் திண்ணை மேல் ஒரு ஆள் நிற்கும் உயரம். ஊருக்குள் வேகத்தைக் குறைப்பது விபத்தைத் தவிர்க்க மட்டும் நல்லது என்று நினைத்திருக்கிறோம். நிற்பதும் கிளம்புவதுமான தெருக்களில் அது காற்றுக்கும் நல்லது. ஆனால் குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நெரிசலில் ஊர்ந்து, நின்று, ஊர்ந்து போவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

யாருடைய மூச்சில்

கறுப்புப் புகை கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் அதற்கு நாம் பயப்படுகிறோம். அதிகம் கெடுதல் செய்வது கண்ணுக்குத் தெரியாத பகுதி. மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 70 மைக்ரான். 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள்களை பிஎம் 2.5 என்கிறார்கள், இங்கே நுண்துகள் என்று சொல்வோம். மூக்கு முடியாலும் தொண்டைச் சளியாலும் இவற்றைத் தடுக்க முடியாது. நுரையீரலின் கடைசி அறை வரை போகின்றன, மிகச் சிறியவை ரத்தத்திலும் கலக்கின்றன. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் அறிவித்தது. ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராம் நுண்துகள் வரை இந்தியாவின் தரநிலை ஏற்கிறது. உலகச் சுகாதார அமைப்பு 2021-ல் சொன்ன அளவு 5.

லாஸ் ஏஞ்சலஸ் நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் செய்து 2002-ல் வெளியான ஆய்வுகள், மிகச் சிறிய துகள்களின் எண்ணிக்கை சாலையிலிருந்து தள்ளிப் போகப் போக வேகமாகச் சரிந்து, 300 மீட்டருக்குள் சுற்றுப்புற அளவுக்கு வந்துவிடுவதைக் காட்டின. சாலைக்குப் பத்தடியில் நாள் முழுக்க நிற்கிறவர்தான் அதிகம் இழுக்கிறார். பேருந்து நிலைய வாசலில் பூ கட்டுகிறவர், சிக்னல் பக்கத்து இட்லிக்கடைக்காரர், போக்குவரத்துக் காவலர். புகைவிடும் வண்டிகளில் இவர்கள் போவதே குறைவு. புறப்பட நேரம் இருந்தும் எஞ்சினை அணைக்காமல் நிற்கும் பேருந்துகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பூக்கார அம்மாவின் நுரையீரல். நிற்கும் வண்டியை அணைப்பதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

தேசிய நெடுஞ்சாலை 44 தருமபுரி ஊருக்கு வெளியே போவதும் இந்த வகையில் ஒரு பெரிய உதவி. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் சாலையின் லாரிகள் நாலு ரோட்டில் நின்று கிளம்பியிருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

கரியை வடிகட்டினால் போதுமா

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்கும் புதிய வண்டிகள் பிஎஸ் 6 புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்டவை. டீசலில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு இருந்த கந்தகம் 10 பங்காகக் குறைக்கப்பட்டது. கந்தகம் குறைந்ததால்தான் புகைக்குழாயில் கரிவடிகட்டி வைக்க முடிந்தது. தேன்கூடு போன்ற பீங்கான் அறைகளில் கரி சிக்கிக்கொள்ளும், பிறகு அதிக வெப்பத்தில் எரிந்து போகும். லாரி ஓட்டுநர்கள் தனித் தொட்டியில் ஊற்றும் ஆட்ப்ளூ வேறொரு வேலைக்கு. அதில் இருக்கும் யூரியா நைட்ரஜன் ஆக்சைடுகளை உடைத்துச் சாதாரண நைட்ரஜனாக்குகிறது. இந்த வண்டிகள் தொப்பூர் ஏறும்போது பின்னால் போய்ப் பாருங்கள். பழைய லாரிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பழைய வண்டிகளைச் சாலையிலிருந்து எடுப்பது நகரங்களுக்குக் கிடைக்கும் மிக விரைவான லாபம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் டெல்லியைப் பார்க்க வேண்டும். 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் டெல்லிப் பேருந்துகள் முழுவதும் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. பலத்த எதிர்ப்புக்கு நடுவே 2002 முடிவதற்குள் நகரப் பேருந்துகள் மாறின. பேருந்தின் கரும்புகை ஒழிந்தது. அடுத்த ஆண்டுகளில் கார்களும் இருசக்கர வண்டிகளும் பெருகிப் பெருகி அந்த லாபத்தைத் தின்றுவிட்டன. வண்டி ஒன்றின் புகையைக் குறைத்தார்கள், வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை.

ஒரு லிட்டரில் எத்தனை பேர்

எனவே கணக்கை வண்டிக்குப் போடாமல் ஆளுக்குப் போட வேண்டும். ஒரு டவுன் பஸ் லிட்டருக்கு 5 கிலோமீட்டர் தருகிறது என்போம். ஐம்பது பேர் இருந்தால், ஒரு லிட்டரில் ஐம்பது பேர் 5 கிலோமீட்டர் போகிறார்கள். தனி ஆள் கணக்கில் 250 கிலோமீட்டர். பைக் லிட்டருக்கு 50 தந்து ஒருவர் போனால் 50, இருவர் போனால் 100. லிட்டருக்கு 15 தரும் காரில் ஒருவர் போனால் 15.

எடையை மட்டும் பார்த்தால் பைக் பேருந்துக்குச் சளைத்ததில்லை, ஆளுக்கு விழும் கிலோ குறைவுதான். தோற்கும் இடம் வேறு. சின்ன பெட்ரோல் எஞ்சின் தன் எரிபொருளில் குறைந்த பங்கையே சக்கரத்துக்குத் தருகிறது. அதோடு ஐம்பது பைக் பிடிக்கும் சாலை இடத்தில் நாலைந்து பேருந்து நிற்கலாம். இடம் அடைபடுவதால்தான் எல்லோருக்கும் நிறுத்தங்கள் கூடுகின்றன, எல்லோருக்கும் தென்னைகள் கூடுகின்றன.

ஸ்டாக்ஹோம் இதைச் சோதித்தே பார்த்தது. 2006 ஜனவரி முதல் ஜூலை வரை, நகர மையத்துக்குள் வண்டி ஓட்டி வந்தால் கட்டணம். உள்ளே வரும் வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. ஆனால் வரிசையில் காத்திருக்கும் நேரம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. சோதனையை நிறுத்தியதும் வண்டிகள் திரும்ப ஏறின. 2007 ஆகஸ்டில் கட்டணம் நிரந்தரமானது.

2011 கணக்கெடுப்பில் எழுபதாயிரம் பேர்கூட இல்லாத தருமபுரிக்கு அந்தக் கட்டணம் பொருந்தாது. இங்கே பொருந்தக்கூடிய ஒன்று வேறு நோக்கத்தில் தொடங்கப்பட்டு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. 2021 மே 8 முதல் தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. விடியல் பயணம் என்று இதற்குப் பெயர். பெண்களின் கையில் பணமும் சுதந்திரமும் தங்கவே இந்தத் திட்டம். எனினும் பென்னாகரத்திலிருந்தோ நல்லம்பள்ளியிலிருந்தோ வேலைக்கு வரும் ஒரு பெண் ஸ்கூட்டி வாங்குவதைத் தள்ளிப்போட்டால், காற்றுக்கும் அது லாபம். பஸ் நேரத்துக்கு வர வேண்டும், நிறுத்தத்தில் நிழல் இருக்க வேண்டும், நிறுத்தம் வரை நடக்கப் பாதை இருக்க வேண்டும். இல்லையென்றால் இலவசமாக இருந்தாலும் மூன்றாவது மாதம் ஸ்கூட்டி வந்துவிடும். காற்றுத் தூய்மைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதி நடைபாதைக்குப் போக வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

ஆளுக்கு ஆகும் ஆற்றலைக் குறைக்க இன்னொரு வழி ரயில். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-லேயே ஒரு சிறு ரயில் பாதை இருந்தது. 1941-ல், போர்க்காலத்தில், அதை எடுத்துவிட்டார்கள். இரும்புச் சக்கரம் இரும்புப் பாதையில் உருள்வதற்கு டயரைவிட மிகக் குறைந்த ஆற்றல் போதும். புதிய மொரப்பூர் பாதைக்கு 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள்.

இறங்கும் எடை

கடைசியாக, இறக்கத்தில் வீணாகும் அந்த 7.6 யூனிட். அதைத் திரும்பப் பிடிக்க முடியுமா?

டீசல் எஞ்சினால் முடியாது. சூட்டை டீசலாக்க வழியில்லை. மின்மோட்டாரால் முடியும். மோட்டாரைச் சக்கரம் சுழற்றினால் அது டைனமோவாகி மின்கலத்தை நிரப்பும், வண்டியும் மெதுவாகும். இதை மீட்பு பிரேக் என்று அழைக்கலாம். சக்கரத்திலிருந்து மோட்டாருக்கு வரும் ஆற்றலில் பாதிக்கு மேல் திரும்பக் கிடைக்கும். லைனிங் தேய்வது குறைவதால் பிரேக் தூளும் குறையும். ஒவ்வொரு சிக்னலிலும் தென்னையிலிருந்து இறங்கும்போது சேமித்ததை, ஏறும்போது செலவழிக்கலாம். அடிக்கடி நின்று கிளம்பும் நகரப் பேருந்துக்கு மின்சாரம் பொருந்துவது இதனால்தான். சீனாவின் ஷென்ஜென் நகரம் 2017 முடிவதற்குள் தன் 16,000 பேருந்துகளையும் மின்சாரத்துக்கு மாற்றியது. சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்பேருந்துகள் புறப்பட்டன. மின்சாரம் நிலக்கரியில் வந்தால் அந்தப் புகை வேறெங்கோ கிளம்பும் என்பது உண்மை, அதையும் குறைத்தாக வேண்டும். ஆனால் அது பூக்கார அம்மாவுக்குப் பத்தடியில் கிளம்பாது.

சுவிட்சர்லாந்தில் பீல் நகருக்கு அருகே பெரி என்ற ஊரில், சிமெண்டுக்கான கல் வெட்டும் குவாரி ஒன்று மலைமேல் இருக்கிறது. அங்கே ஓடும் மின்லாரி காலியாக மேலே ஏறுகிறது, கல் நிரப்பிக்கொண்டு கீழே இறங்குகிறது. இறங்கும்போது எடை அதிகம் என்பதால், ஏறச் செலவழித்ததைவிடக் கூடுதலாகவே மின்கலத்தில் சேர்ந்துவிடுகிறது.

கணவாய் இறங்கி முடியும் இடத்தில், இரவு பத்து மணிக்கு, ஒரு லாரி ஓரமாக நின்றிருந்தது. ஓட்டுநர் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் புறங்கையை நீட்டிச் சூடு பார்த்தார், தொடவில்லை. லைனிங் கருகிய வாசனை சாலையைத் தாண்டி எதிர்க்கடை வரை வந்தது. "பத்து நிமிஷம் ஆறட்டுங்க" என்றார்.